மஞ்சள் பூசிய கட்டுரை

சிவனேஸ்வரி ஓஸ்லோவிலிருந்து லண்டனுக்கு வந்து பதினாறு வருடமாகிறது. பல்கலைக்கழக நூலகத்தில் அவருக்கு ஒரே வேலை: பேராசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகளை வாங்கி, யாரும் இலவசமாகத் திறந்து படிக்கக்கூடிய இணையக் களஞ்சியத்தில் ஏற்றுவது. வாங்குவது லேசான காரியமல்ல. நூறு வருடம் கழித்து உலகம் எவ்வளவு சூடாகும் என்று கணிக்கிறவர்களுக்குத் தங்கள் கோப்பு எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று தெரியாது. இதழ் அச்சிட்ட அழகான பிரதியை அனுப்பிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். அது பதிப்பகத்தின் சொத்து, ஏற்ற முடியாது. எழுதியவர் கடைசியாகத் திருத்திய சாதாரணப் பிரதிதான் வேண்டும். இதை வருடத்துக்கு நானூறு தடவை விளக்கியும் அவருக்கு அலுக்கவில்லை. மக்களின் வரியில் எழுதியதை மக்களுக்கே பூட்டி வைக்கிற அநியாயத்தை நினைத்தால் காலையிலேயே இரத்தம் கொதிக்கும். அவர் இருக்கும் அறைக்கு ஹீட்டர் தேவையில்லை என்பார்கள் கூட வேலை செய்கிறவர்கள்.

போன பெப்ரவரியில் கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியிலிருந்து கிருஷ்ணராசா என்ற எலெக்ட்ரீசியன் தொலைபேசியில் வந்தார்.

"அக்கா, வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சணம். பிள்ளைக்கு இழுப்பு. நாங்கள் கறி காய்ச்சுற ஆவியாலதானாம் எண்டு வீட்டுக்காரன் சொல்றான்! இந்த மாதிரி வீடுகளில வெளிச்சுவர்தான் பிழையெண்டு உங்கட புரொபெசர் ஒருத்தர் எழுதியிருக்கிறார். திறக்கப் போனா பூட்டு. எல்லாரும் திறந்து பாக்கக்கூடிய லிங்க் ஒண்டை வியாழக்கிழமைக்குள்ள தரச்சொல்லி, நான் முறைப்பாடு குடுத்த கவுன்சில் கேக்குது."

எழுதியவர் புவனேசன், மலேசியாவிலிருந்து படிக்க வந்து ஹரோவில் தங்கிவிட்ட கட்டடவியல் பேராசிரியர். சிவனேஸ்வரியின் ஏழு நினைவூட்டல்களுக்கும் பதில் போடாதவர். செவ்வாய்க்கிழமை அவரை அறை வாசலிலேயே மறித்தார் சிவனேஸ்வரி.

"லேப்டாப் செத்துப் போச்சு லா. ஜர்னல் பாஸ்வேர்டும் அதோட போச்சு," என்றார் புவனேசன். "ஒரே ஒரு பிரின்ட் இருக்கு. ஆனா அது சாமி ரூம்ல..."

"சாமிக்கு ஏன் சேர் ஈரச்சுவர் ஆராய்ச்சி?"

"ஜர்னல்ல கட்டுரைய ஏத்துக்கிட்ட அன்னைக்கே பிள்ளையார் காலடியில வச்சேன். குமுதா நாலு மூலைக்கும் மஞ்சள் தடவிட்டா. பொண்டாட்டி மஞ்சள் வச்சத எடுத்தா வீட்டுல..."

"பத்து மாசமாச்சு. பிள்ளையார் வாசிச்சு முடிச்சிருப்பார். இனி ஃபாரஸ்ட் கேட் சனமும் வாசிக்கட்டும்."

புதன்கிழமை பட்டுத் துணியில் சுற்றி வந்தது கட்டுரை. முதல் பக்கத்தில் குங்குமம், மற்றதிலெல்லாம் மஞ்சள். தங்கை கெஞ்சியும் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத சிவனேஸ்வரி, இருபத்துமூன்று தாள்களையும் எந்தக் குருக்களும் தோற்றுப்போகும் பணிவோடு ஒவ்வொன்றாக ஸ்கேனரில் வைத்து எடுத்தார். பக்தி ஒன்றுமில்லை, கண்ணாடியில் மஞ்சள் ஒட்டிவிடும் என்ற பயம்.

வியாழன் காலை கவுன்சில் அதிகாரி லிங்கைத் திறந்தார். கிருஷ்ணராசாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்தத் தாள்களும் உங்கள் வீட்டில்தான் இருந்தனவா?"

அடுத்த கிழமை தொலைபேசி மறுபடி அடித்தது.

"அக்கா, கவுன்சிலில இருந்து ரெண்டு பேர் வந்து வெளிச்சுவரைத் துளைச்சுப் பாத்தவை. உள்ளுக்கு ஒரே தண்ணி! திருத்தச் சொல்லி வீட்டுக்காரனுக்குக் கடிதம் போகுதாம்."

"அப்ப, கறி?"

"கணவாய்க் கறி. வந்த ரெண்டு பேருக்கும் குடுத்துத்தான் அனுப்பினனாங்கள்."