என் அளவுக்கு ஒரு சைக்கிள்

மூன்று வருஷம் எனக்குப் பெரிதாக இருந்த ஒரு சைக்கிளை ஓட்டினேன். அது என் நண்பனுடையது. அவன் கிட்டத்தட்ட ஆறடி. நான் ஐந்தடி ஐந்தங்குலம்.

அவன் வீடு, பாண்டிச்சேரியில் நாங்கள் சொல்வதுபோல, சொல்தா வீடு. தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர் என்பதால் குடும்பத்தில் எல்லோருக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. நாங்கள் ஒரே மாதா கோயில் பங்கில் வளர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம். உழவர்கரையைத் தாண்டி, வடக்கே செம்மண் மேட்டுக்குப் போவோம். மழைத்தண்ணீர் அறுத்து அறுத்து அங்கே ஆள் உயரத்துக்கு ஓடைகள் உண்டாகியிருக்கின்றன. முந்திரித்தோப்புக்கு நடுவே அந்த ஓடைகளுக்குள் இறங்கி ஏறுவதுதான் எங்கள் விளையாட்டு. இப்படிப் பதினோரு வருஷம். ஒருநாள் பிள்ளைகள் படிப்புக்காக அவன் குடும்பத்தோடு பிரான்சுக்குக் கிளம்பிப் போய்விட்டான். போவதற்கு முந்தின நாள் அவனுடைய மலைச் சைக்கிளை என் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே நிறுத்தி, "நீ ஓட்டுடா, சும்மா கெடந்தா துருப்புடிச்சிடும்" என்றான்.

என்னுடையதைச் சீக்கிரமே விற்றுவிட்டேன். அவனுடையதில் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கியும் கால் சரியாக எட்டவில்லை. கழுத்து வலித்தது. நான் உழவர்கரையில் ஒரு சின்ன தொழிற்சாலையில் தர சோதனை பார்க்கிறவன். மூடிகளும் வளையங்களும் அளவுக்குள் இருக்கின்றனவா என்று நாள் முழுக்க வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்ப்பதுதான் வேலை. மயிரிழை பெரிதானாலும் ஒதுக்கிவிடுவேன். அப்படிப்பட்டவன் இந்தச் சைக்கிளை மட்டும் ஒதுக்கவில்லை. அதில் ஏறினால் அவன் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருப்பதுபோல இருக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் மழைக்குப் பிறகு விழுந்தேன். ஓடையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு இறக்கம், உடனே ஒரு வளைவு. கை முழுக்க நீண்டுபோய் இருந்ததால் ஹேண்டிலைத் திருப்ப முடியவில்லை. காலை ஊன்றப் பார்த்தேன். தரை எட்டுவதற்கு முன்னால் சைக்கிளின் மேல்கம்பி தடுத்தது. தோள் மண்ணில் மோதியபோது உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

கைபேசி பையில், பை சைக்கிளுக்கு அடியில். எழுந்திருக்க முடியவில்லை. ஓடைக்கு மேலே வானம் ஒரு நீளத் துண்டாகத் தெரிந்தது. நேரம் போயிற்று. யாரையாவது கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. யார் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் "யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினேன். மூன்று நான்கு முறை கத்திய பிறகு ஓடை விளிம்பில் ஒரு ஆடு எட்டிப் பார்த்தது. அதற்குப் பின்னால் ஒரு அம்மா.

"யாரு சாமி நீ? ஒண்டியாவா வந்த?" என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்தார். தன் துண்டால் என் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, மேலே ஏற்றி, ரோட்டில் ஆட்டோவை நிறுத்தி உட்கார வைத்தார். சைக்கிளைத் தன் கொட்டகையில் போட்டு வைப்பதாகச் சொன்னார். அப்படியே வைத்திருந்தார்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது, "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருந்தார். "இவருதான்" என்றேன். அந்த மனுஷன் மறுக்கவில்லை. எக்ஸ்ரே முடியும்வரை என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காறை எலும்பு முறிந்திருந்தது.

கை தூளியில் தொங்கிய அந்த நாட்களில்தான் சைக்கிள் அளவுகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நெல்லித்தோப்பில் மாடியில் என் அறை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கல்யாணம் அமையவில்லை. இடது கையால் கைபேசியைத் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு கம்பெனியின் அளவுப் பட்டியலையும் பார்த்தேன். உயரம் எவ்வளவு, கால் உள்நீளம் எவ்வளவு என்று கேட்டார்கள். சுவரை ஒட்டி நின்று கால் இடுக்கில் ஒரு தடிமனான புத்தகத்தை வைத்து, அது சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டுமாம். ஒற்றைக் கையால் புத்தகத்தைப் பிடித்தால் பென்சில் பிடிக்க வழியில்லை. நாலு தடவை முயன்றேன். நாலு தடவையும் வேறு வேறு அளவு வந்தது. அலுத்துப்போய்ச் சுவரோரமாகவே உட்கார்ந்துவிட்டேன்.

கை சரியானதும் ஊருக்குள் இருந்த ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். நடத்துகிறவர் முப்பது வயதுப் பெண். முன்பு பந்தயத்தில் ஓட்டியவர் என்பது முழங்கால் தழும்புகளிலேயே தெரிந்தது. எனக்கு வேண்டியதைச் சொன்னேன்: முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன், முன்னால் நூற்றைம்பது மில்லிமீட்டருக்குக் குறையாமல் அமுங்க வேண்டும்.

அவர் சிரித்தார். "சார், பாண்டிச்சேரியில மலையே இல்ல. உங்களுக்கு எதுக்கு அவ்ளோ? நூத்திருபது போதுமே. இது கனமா இருக்கும், ஏத்தத்துல இழுக்கும்."

"நான் தனியாத்தான் போறேம்மா. விழுந்தா தூக்க ஆள் இல்ல. நான் கொஞ்சம் தப்புப் பண்ணாலும் வண்டி தாங்கணும்."

அவர் சிரிப்பை நிறுத்தி, "அப்போ அதுவே பாக்கலாம்" என்றார்.

பழுதுபார்க்க வந்திருந்த ஒரு மீடியம் சைக்கிளை எடுத்து வந்து என்னை ஏற்றினார். உட்கார்ந்தேன். சுகமாக இருந்தது. இதுவே சரி என்றேன்.

"உக்காந்து பாத்தா எல்லா வண்டியும் சரியாத்தான் சார் இருக்கும். ஓடையில இறங்கறப்ப உக்காந்துட்டா இருப்பீங்க? பெடலு ரெண்டையும் சமமா வச்சு நில்லுங்க."

நின்றேன். அவர் என் முழங்கையைத் தொட்டுக் காட்டினார். அது கம்பி மாதிரி நேராக இருந்தது. நிற்கும்போது பாதத்துக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே முன்னோக்கி எவ்வளவு தூரம் என்பதற்கு ரீச் என்று பேர். உயரத்தைவிட அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். பிறகு டேப்பை எடுத்து என் கை விரிப்பை அளந்தார். உயரத்தைவிடக் குறைவு.

"ஸ்மால் போட்டுக்கலாம் சார்."

"மீடியமே இருக்கட்டுமே. பட்டியல்ல என் உயரம் ரெண்டுக்கும் நடுவுலதான் வருது."

"எதுக்குப் பெருசு கேக்கறீங்க?"

"இத்தனை வருஷம் பெருசுலயே ஓட்டிட்டேன்" என்றேன். அவர் தான் ஓட்டும் ஸ்மாலை உள்ளேயிருந்து எடுத்து வந்தார். அதில் ஏறி நின்றபோது முழங்கை தானாக மடங்கியது. இடுப்பைப் பின்னால் தள்ளினேன், பக்கவாட்டில் சாய்த்தேன். எங்கே போனாலும் சைக்கிள் எனக்குக் கீழேயே இருந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில், ஒரு பொருள் என் உடம்புக்குப் பொருந்துகிறது என்று கண் கலங்குவது எவ்வளவு கூச்சம்! செயினைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

புதியது வந்தால் பழையதை வைக்க இடமில்லை. அவனைக் கேட்காமல் எப்படி விற்பது? எப்படிச் சொல்வது, கோபித்துக்கொள்வானோ என்று ஒரு வாரம் யோசித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டேன். அவனுக்கு அப்போது காலை. காரில் எங்கோ போய்க்கொண்டிருந்தான்.

"டேய், உன் சைக்கிளைக் குடுத்துடலாம்னு பாக்கறேன்."

"எந்தச் சைக்கிள்?"

"நீ விட்டுட்டுப் போனது. படிக்கட்டுக்குக் கீழ."

"அட, அதையா இன்னும் வச்சிருக்க? எப்பவோ பழைய இரும்புக்குப் போட்டிருப்பன்னு நெனச்சேன்டா!" சிரித்தான். நானும் சிரித்தேன். விழுந்ததையும் எலும்பு முறிந்ததையும் இப்போதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பின்சீட்டிலிருந்து பிள்ளை பிரெஞ்சில் ஏதோ கேட்டது, அவனும் பிரெஞ்சிலேயே பதில் சொன்னான். "அப்புறம் கூப்பிடறேன்டா" என்று வைத்துவிட்டான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் கடைக்குப் போய் ஸ்மாலுக்கு ஆர்டர் கொடுத்தேன். பழையதை மின்துறையில் வேலை பார்க்கும் ஒரு உயரமான ஆள் வந்து எடுத்துப் போனார். ஏறி மிதித்ததும் அவருக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதியது வந்த அன்று சஸ்பென்ஷனில் என் எடைக்குத் தக்கபடி காற்று வைக்க வேண்டியிருந்தது. ஓட்டும் உடுப்போடு ஏறி உட்கார்ந்தால் அது எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து, அதை வைத்துக் காற்றைக் கூட்டிக் குறைக்க வேண்டும். உட்காரும்போது யாராவது ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுவரில் சாய்ந்து பார்த்தேன். பாதி எடை சுவருக்குப் போய்விட்டது. தவறான அளவை எழுதிக்கொள்ள என் தொழில் விடாது. ஹெல்மெட்டும் முழங்கால் காப்பும் போட்டுக்கொண்டு வாசலில் வெகுநேரம் நின்றேன்.

கீழ்வீட்டில் குடியிருக்கும் நர்சம்மா காலை டூட்டி முடிந்து ஸ்கூட்டியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு வருஷமாக ஒரே வாசல். தண்ணி மோட்டாரைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

"ஒரு ரெண்டு நிமிஷம் இதைப் புடிச்சிக்க முடியுமா?" என்று கேட்டேன்.

பையைக் கீழே வைத்துவிட்டு, முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்தார். நோயாளியைப் பிடித்துப் பழகிய பிடி. ஏறினேன், இறங்கினேன், அளந்தேன், காற்றை விட்டேன், மறுபடி ஏறினேன். இரண்டு நிமிஷம் இருபது நிமிஷமாயிற்று.

"தனியாவா போவீங்க?"

"ஆமா."

"எங்க போறீங்கன்னு யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போவீங்களா?"

இல்லை என்றேன். அவர் தன் நம்பரைச் சொன்னார். "கெளம்பறப்ப ஒரு மெசேஜ் போடுங்க. வந்ததும் ஒண்ணு போடுங்க. நான் டூட்டியில இருந்தா பதில் வராது, ஆனா பாத்துடுவேன்."

அந்த ஞாயிறு பூசை முடிந்து, நர்சம்மாவுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டுப் போனேன். விழுந்த ஓடையின் விளிம்பில் வெகுநேரம் நின்றுவிட்டு இறங்கினேன். இறக்கத்தில் முன்பக்கம் ஆழமாக அமுங்கி எழும்பியது, வளைவில் திரும்பியது, கீழே மணலில் போய் நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. யாரும் பார்க்கவில்லை. பார்த்தாயா என்று கேட்கத் திரும்பிய கழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் முந்திரி மரங்களைப் பார்த்தேன். பிறகு சைக்கிளை மேலே தள்ளிக்கொண்டு போய், இன்னும் ஒருமுறை இறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் "வந்துட்டேன்" என்று அனுப்பினேன். பதில் வரவில்லை. சாயங்காலம் பார்த்தபோது, படித்துவிட்டதற்கான நீலக் கோடு விழுந்திருந்தது.