பன்னிரண்டு நாற்பது

இன்றைக்கு நினைத்தாலும் முதலில் என் மேல்தான் கோபம் வருகிறது. இரண்டாயிரங்களின் நடுவில், திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வெளியூர்க் கம்பெனிகளின் சர்வர்களை அங்கிருந்தே திரையில் கவனித்துக்கொள்ளும் வேலை. அதில் ஒன்று எங்கள் ஊரிலேயே இருந்தது. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைத் தறிகளுக்கு நூல் அனுப்பும் கம்பெனி. என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ஒரு நாளும் போனதில்லை.

அந்தச் சர்வர் மாதம் ஒருமுறை படுத்தி எடுத்தது. காலையில் ஆட்கள் வரும்போது ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் ஃபைல்கள் கெட்டுப்போயிருக்கும். சர்வருக்குள் ஒரு சின்ன கார்டு உண்டு. பட்டனை யாராவது அழுத்தினால் தேதி, நேரத்தோடு குறித்துவைக்கும். அந்தப் பதிவைச் சென்னையிலிருந்து திறந்து பார்த்தேன். கடந்த மூன்று மாதமும் பவர் பட்டன் அழுத்தப்பட்டிருந்தது. ஓடும் சர்வரை அப்படித் திடீரென்று அணைத்தால் ஃபைல்கள் கெடும். நேரம், நள்ளிரவு பன்னிரண்டு நாற்பதை ஒட்டி.

அந்நேரத்தில் அங்கே இருப்பவர் வாட்ச்மேன் மட்டும்தான், ஆர்.கே.பேட்டைப் பக்கத்துப் பெரியவர். அறிக்கையில் நேரத்தை எழுதி, இரவில் இருப்பவரை விசாரிக்கவும் என்று ஒரு வரியும் சேர்த்தேன். பெரிய துப்பறியும் புலி என்ற நினைப்பு. அவர்கள் விசாரிக்கவெல்லாம் இல்லை. மறுநாளே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

புது ஆள் வைக்காமல் இரவில் பூட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த மாதமும் அதே பன்னிரண்டு நாற்பது. பூட்டிய ஆபீசுக்குள் பேயா வந்து அழுத்தியது? அப்போதுதான் திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த கார்டின் கடிகாரத்தைக் கவனித்தேன். என் கைக்கடிகாரத்தில் பகல் மூன்று மணி, அதில் காலை ஒன்பதரை. அது லண்டன் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் காலை ஆறு பத்து.

வீட்டுக்கு வந்து அந்தத் தேதிகளை நாள்காட்டியில் பார்த்தேன். நான்கும் கிருத்திகை.

மறுநாள் நேராக அந்த நூல் கம்பெனி மேனேஜரிடம் போனேன். அந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை.

"ஆங், கிருத்திகைக்கு மலைக்குப் போறதுக்கு முன்னாடி வந்து, மிஷினத் தொடச்சு சந்தனம் குங்குமம் வைப்பேங்க. ஈரத்துணியாச்சே, ஷாக் அடிக்கும்னு பட்டன அமுக்கி நிறுத்திடுவேன், முடிஞ்சதும் திரும்பப் போட்டுடுவேன். சாமி காரியத்துல மிஷின் கெடுமா?"

"அப்ப அந்தப் பெரியவர ஏங்க அனுப்புனீங்க?"

"நீங்கதான ராத்திரின்னு எழுதிக் குடுத்தீங்க."

அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

அன்றே பஸ் பிடித்துப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது, திரும்ப வாருங்கள் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நான் வரல நைனா. யாரு வராங்க, யாரு போறாங்கன்னு கேட் நோட்டுல எல்லாம் எழுதிகினுதான இருந்தேன். மேஜ மேலதான் கெடந்துச்சு. யாராச்சும் பொரட்டிப் பாத்தீங்களா?"

திரும்பி வந்து அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் சென்னையில் தேடிக்கொண்டிருந்த மூன்று தேதிகளும் அதில் கோணல் எழுத்தில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதியிருந்தார்: கிருத்திகை, காலை ஆறு மணி, மேனேஜர் உள்ளே போனார்.