அப்கிரேட் புட்டா

ஆரணியில் என் தங்கை பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போடுகிறாள். வீட்டின் முன்னறையில் ஒரு கணினியும் ஒரு பெரிய திரையும் இருக்கின்றன, அதுதான் அவள் கடை. கரையில் ஓடும் கொடி, முந்தியில் நிற்கும் மயில், உடலில் தெளித்த சிறு பூவேலையான புட்டா எல்லாவற்றையும் அவள் சின்னச் சின்னக் கட்டங்களாகத் திரையில் நிரப்புவாள். அந்தக் கோப்பு பென்டிரைவில் ஏறித் தறிக்குப் போகும். தறியின் தலைமேல் இருக்கும் மின்பெட்டி அதைப் படித்து, எந்த இழை மேலே எழ வேண்டும், எது கீழே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும்.

அந்தக் கணினியில் ஓடுவது லினக்ஸ். பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தபோது பழகிக்கொண்டு, அவளுக்கும் நான்தான் நிறுவிக் கொடுத்தேன். டிசைன் மென்பொருளும் அதோடு இலவசமாக வந்தது. ஒரே ஒரு குறை, தமிழ். ‘பொ’ என்று அடித்தால் கொம்பு பகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். தங்கை அதற்குத் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். கையால் எழுதும் வரிசையிலேயே தட்டினாள்: முதலில் கொம்பு, அடுத்து ப, அடுத்து கால். திரையில் எழுத்து ஒழுங்காக வந்தது. எத்தனையோ முந்திகளில் மணமக்கள் பெயர் அந்த வரிசையில்தான் ஏறியது. மற்றவைபோல் கட்டங்களாக இல்லாமல், எழுத்து மட்டும் தட்டிய வரிசையிலேயே கோப்பில் இருந்தது.

போன ஆவணியில் அவளுக்கு ஒரு முக்கியமான வேலை வந்தது. கண்ணமங்கலம் சாலையில் தறி வைத்திருக்கும் ஒருவர், தன் மகளின் முகூர்த்தச் சேலையைத் தன் தறியிலேயே நெய்ய வேண்டும் என்று வந்தார். முந்தியில் ‘பொன்போல் வாழ்க’ என்று ஜரிகையில் எழுத்து வர வேண்டும். அது மகள் கேட்டது. தங்கை டிசைனை முடித்து வைத்திருந்த நேரத்தில், அவர் தறியின் மின்பெட்டி பழுதாகிப் புதுப் பெட்டி மாட்டினார். புதுப் பெட்டிக்குக் கோப்பு வேறு வடிவத்தில் வேண்டும். அந்த வடிவத்தை எழுதித் தருவது டிசைன் மென்பொருளின் புதிய பதிப்பு மட்டும்தான். அதுவோ லினக்ஸின் புதிய பதிப்பில்தான் ஓடும்.

பாவு நூல் ஏற்றிய தறி சும்மா நின்றது. கல்யாண நாளைத் தள்ளிப்போட முடியாது. மேம்படுத்தும்போது டிசைன் கெட்டுவிட்டால் திரும்பப் போட நாள் இல்லை.

எனக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். அந்தப் பதிப்புக்காகவே காத்திருந்தவள் நான். என்னென்ன மாறியிருக்கிறது என்ற குறிப்பை அது வெளியான அன்றே செய்தி படிப்பதுபோல் வரிவரியாகப் படித்திருந்தேன். கணினி சீக்கிரம் விழிக்கும். பழைய அச்சுப்பொறிகளைத் தானே அடையாளம் காணும். பட்டியல்கள் முழுக்கத் தமிழில் இருக்கும். நடுவில் ‘இந்திய மொழி எழுத்துகள் இனி முறைப்படி சேர்ந்து தோன்றும்’ என்று ஒரு வரி. நல்லது என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

காலையில் கோப்புகளையெல்லாம் தனி வட்டில் நகலெடுத்துவிட்டுத் தொடங்கினோம். தறிக்காரரும் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடத் தொடங்கின. பழையதைக் கழற்றுவதும் புதியதைப் பிரித்து அதன் இடத்தில் வைப்பதுமாக வரிகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு மேலே போயின. எனக்குக் கண் எடுக்க மனம் வரவில்லை.

“இன்னாம்மா இது, ஊடை ஓடற மாதிரி ஓடிகினே கீது. அறுந்துச்சுன்னா?” என்றார் அவர்.

“அறுந்தா முடிச்சுப் போடறதுக்குத்தான் அக்காவ உக்கார வச்சிகீறேன்” என்றாள் தங்கை.

“அவங்க பேப்பர்ல இருந்தவங்க. அறுந்தா நியூஸ் போடுவாங்க, முடிச்சா போடுவாங்க?”

அறுபடவில்லை. கணினி ஒருமுறை அணைந்து எழுந்தது. இதற்குமுன் அது எழுவதற்குள் தங்கை டீ போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். இப்போது டம்ளரைத் தேடுவதற்குள் எழுந்துவிட்டது. எழுத்துகள் கூர்மையாக இருந்தன. ஒரு வருடமாக மூலையில் தூங்கிய அச்சுப்பொறி தானாகச் சத்தம் போட்டு விழித்தது. அமைப்புகள் பட்டியலில் ஓரிடத்தில் மட்டும் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. லினக்ஸுக்கு யாரும் திருத்தம் அனுப்பலாம் என்பதால் அங்கேயே அனுப்பிவிட்டேன். எந்த அச்சகமும் எனக்குத் தராத வசதி இது.

தங்கை முகூர்த்தச் சேலையைத் திறந்தாள். கரை அப்படியே இருந்தது, மயிலும் இருந்தது. தறிக்காரர் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

“இது எப்ப போட்ட? ஜோராக் கீதே” என்று ஓரிடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனை எடுத்து ஒரு படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார்.

அவர் காட்டிய இடத்தில், வாசகத்துக்குள், புள்ளிகளால் ஆன இரண்டு சிறு வட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கொம்பைச் சுமந்துகொண்டிருந்தது. ‘பொன்போல்’ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம், ‘பான்’, இன்னொரு வட்டம், ‘பால்’.

தங்கை நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். “அக்கா, போச்சு. எழுத்து ஒடஞ்சிப் போச்சு.”

நானும் திரையை நெருங்கிப் பார்த்தேன். குறிப்பில் நான் தாண்டிப்போன அந்த ஒற்றை வரி நினைவுக்கு வந்தது. எழுத்து உடையவில்லை. இப்போதுதான் அது சரியாகியிருக்கிறது. புதிய பதிப்புக்குத் தமிழ் தெரியும்: முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. முன்னால் தன்னைத் தாங்கும் எழுத்து இல்லாமல் கொம்பு தனியாக வந்து நின்றால், இங்கே ஓர் எழுத்து இருந்திருக்க வேண்டும் என்று ஒரு புள்ளி வட்டத்தைக் காட்டுகிறது. தங்கை குறையைச் சமாளிக்க மாற்றி அடித்தாள். குறை போனதும் சமாளிப்பு பிழையாகிவிட்டது.

“நேரா அடிச்சிப் பாரு” என்றேன்.

அவள் விரல் பழக்கத்தில் கொம்புக்கே போனது. நிறுத்தி, முதலில் பகரத்தைத் தட்டினாள், பிறகு ஒகரக் குறியை. கொம்பு தானாக முன்னால் வந்து நின்றது, கால் பின்னால் நின்றது. அழித்துவிட்டு மறுபடியும் தட்டினாள். பிறகு அந்தச் சேலைக்குத் தேவையே இல்லாத கோலம், தோரணம், மோதிரம் எல்லாம் வரிசையாக அடித்தாள். ஒவ்வொன்றும் ஒழுங்காக வந்தது. “இத்தினி வருசம் தலகீழா அடிச்சிகினு இருந்தேன்” என்று சொல்லிச் சிரித்தாள். நானும் பக்கத்தில் நின்று ‘கொய்யா’ அடி, ‘போளூர்’ அடி என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

‘பொன்போல் வாழ்க’ சுத்தமாக வந்தது. வட்டங்கள் போய்விட்டன. தறிக்காரர் போனைப் பார்த்தபடி நெற்றியைத் தேய்த்தார்.

“பேஜாராப் போச்சும்மா. வட்டம் சூப்பர்னு பொண்ணு அனுப்பிகீது. அத எடுக்கக் கூடாதாம்.”

“அண்ணா, அது புட்டா இல்ல. அங்க ஒரு எழுத்து இருக்கணும், இன்னும் வர்லேன்னு அர்த்தம்” என்றாள் தங்கை.

“மாப்ள இன்னும் வர்லேன்ற மாதிரியா?”

“அதே மாதிரிதான்.”

“அப்ப முகூர்த்தச் சேலைக்கு ஏத்ததுதான். வய்யி.”

தங்கை புதுப் பக்கம் திறந்தாள். கொம்பை விட்டுவிட்டு வட்டத்தை மட்டும் கட்டம் கட்டமாக வரைந்தாள். சிறு புள்ளிகள் ஜரிகையில் தனித்து நிற்காது என்று ஒவ்வொன்றையும் சற்றுத் தடிக்க வைத்தாள். ‘வர வேண்டிய ஆள் வந்துட்டாரு’ என்று வட்டத்தின் நடுவில் ஒரு சின்னப் பூவை உட்கார வைத்தாள். வாசகம் முந்தியில் தனியாக நின்றது, வட்டங்கள் உடல் முழுக்கப் பரவின. கோப்பு புதிய வடிவத்தில் எழுதப்பட்டது. தறிக்காரர் பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

தறியில் முந்தி நெய்த அன்று நாங்களும் போனோம். சேலையின் நல்ல பக்கம் தறியில் கீழே பார்த்திருக்கும், மேலே தெரிவது பின்பக்கம்தான். எழுத்து அதில் திரும்பித் தெரியும் என்பதால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தறிக்காரர் போனைக் கீழே நீட்டிப் படம் பிடித்து, எங்களுக்குக் காட்டாமல் முதலில் தான் பார்த்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

“நீங்க படிங்க. பிழை பாக்கறது உங்க வேலதானே.”

கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஒற்றைக் கொம்பு ‘பொ’வுக்கு, இரட்டைக் கொம்பு ‘போ’வுக்கு. சரி என்றேன். அவர் தறியில் உட்கார்ந்திருந்த நெசவாளரைப் பார்த்துத் தலையசைக்க, தறி மறுபடி ஓடியது.

கல்யாணத்தில் பெண்கள் அந்த வட்டத்துக்கு என்ன பெயர் என்று கேட்டார்களாம். கணினி அப்கிரேடில் பிறந்தது என்பதால் தறிக்காரர் அப்கிரேட் புட்டா என்று சொல்லியிருக்கிறார். இப்போது தங்கையிடம் வேலை கொண்டுவருகிறவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். அவள் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து எழுத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். வட்டம் தென்படும்போதெல்லாம், ‘அக்கா, இன்னொரு புட்டா’ என்று என்னைக் கூப்பிடுகிறாள்.