‘உடம்பு வலி’ என்று நான் எழுதிய ஏழு வருஷம்

எழுபத்தேழில் போடிமெட்டுக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ஒருநாள் காலை, கொழுந்து எடுப்பவர்களை மேற்பார்க்கும் கங்காணி கோபமாக வந்தார்.

“சிஸ்டரு, பேச்சியம்மா இந்த மாசம் பாதி நாள் வேலைக்கு வரல. சும்மா நடிக்கா. நோய் ஒண்ணுமில்லன்னு சீட்டு எழுதிக் குடுங்க, பேர வெட்டிருதோம்.”

வேலைப் பதிவிலிருந்து பேர் போனால், லயம் எனும் தொழிலாளர் குடியிருப்பில் இருக்கும் வீடும் போய்விடும். எழுதும் முன் ஓ.பி. ரிஜிஸ்டர்களைப் புரட்டினேன். ஏழு வருஷமாக அவள் வந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ‘உடம்பு வலி’, அதே மாத்திரை. முக்கால்வாசி என் கையெழுத்து. வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை வரும் டாக்டரிடம் ரிஜிஸ்டர்களைக் காட்டினேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பேச்சியம்மாளை வரச்சொல்லி முதலில் ரத்தம் பார்த்தார், சோகை இல்லை. கழுத்தைத் தடவித் தைராய்டு வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார், அதுவும் இல்லை. பிறகு அவளை உட்காரவைத்துக் கேட்டார்.

“கடைசியா எப்பம்மா சந்தோஷமா இருந்த?”

“ஞாபகமில்ல அய்யா. சோத்துல உப்பு ஒறப்புகூட தெரியல. எல்லாருக்கும் உள்ளுக்குள்ள இப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

“செத்துரலாம்னு தோணுமா?”

“தோணும். புள்ளைக மொகத்தப் பாத்து இருக்கேன்.”

அவள் போனபின் டாக்டர் விளக்கினார். ஒருவகை மனச்சோர்வு திடீரென்று வந்து ஆளைப் படுக்கையில் தள்ளும், சில மாதங்களில் விலகும், மறுபடி வரும். இன்னொன்று வருஷக்கணக்காக மெல்லக் கூடவே இருக்கும். ஆள் வேலைக்கும் போவதால் யாருக்கும் தெரியாது. “இவங்களுக்கு ரெண்டாவது வகை. இப்ப கூடிப்போச்சு,” என்று ‘டிப்ரெசிவ் நியூரோசிஸ்’ என எழுதினார். அந்தப் பெயர் பின்னாளில் மாறியது.

அந்தச் சீட்டைப் பார்த்த மேனேஜர் பேரை வெட்டவில்லை. ஒரு மாத லீவு கொடுத்தார். மனச்சோர்வுக்கான இமிப்ரமின் மாத்திரை தொடங்கினோம். ஞாயிறுதோறும் லயத்துக்குப் போய் அவளோடு உட்கார்ந்தேன். முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. நான் பயந்துபோனேன். ஆறாவது வாரம் நான் போனபோது அவளே வாசலுக்கு வந்தாள்.

“சிஸ்டரு, நேத்து ரசத்துல உப்பு பத்தல. எனக்கே தெரிஞ்சுது!”

அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். மந்தமான மாதங்கள் பிறகும் வந்தன. ஆனால் அவளே முன்கூட்டி வந்து சொல்லிவிடுவாள். ரிட்டயர் ஆகும்வரை கொழுந்து எடுத்தாள்.

‘எங்கே வலிக்கிறது’ என்பதோடு ‘எத்தனை காலமாக, மனசு எப்படி’ என்றும் கேட்க அன்றிலிருந்து நான் மறந்ததில்லை. நர்சிங் பள்ளியில் படிக்காத அந்தக் கேள்விக்காக டாக்டருக்கு நன்றி. ஏழு வருஷம் தவறாக எழுதியவள் என்று நானே சொன்ன பிறகும் என்னை வீட்டுக்குள் விட்டாளே, பேச்சியம்மாளுக்கு அதைவிடப் பெரிய நன்றி.