முதல் வெட்டு யாருக்கு

ஊரில் ஒருவருக்குமே மூளை இல்லையா என்று நான் வாய்விட்டுக் கேட்ட வருடம் அது. அதற்கு முன்பு மனத்துக்குள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பர்மா அரிசி வருவது நின்றுபோய், தூத்துக்குடியில் சனங்கள் காலையிலேயே ரேஷனுக்கு வரிசையில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் இருந்தார். கப்பல் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கே தெரியாத காலம். நானும் என் இரண்டு பெண்பிள்ளைகளும் வருடம் முழுக்கச் சாப்பிடுவதற்கு ஒரே ஒரு வயல்தான் இருந்தது. ஊரிலேயே மிகவும் தாழ்ந்த வயல் அது.

தாமிரபரணித் தண்ணீர் கால்வாய் வழியாகக் கடைசியாக வந்து சேரும் குளம் எங்களுடையது. மேலே இருக்கிற ஊர்களெல்லாம் பாய்ச்சி, குளித்து, மாடு கழுவி, மிச்சம் வைத்தால் எங்களுக்கு. கோடையில் ஒரு நனைப்புத் தண்ணீருக்கு நாங்கள் ஆலாய்ப் பறப்போம், அவர்கள் காது கேட்காதது மாதிரி இருப்பார்கள். மழை பிடித்துவிட்டால் போதும், அதே மகராசன்கள் தங்கள் மடைகளை அடைத்துக்கொண்டு மொத்த வெள்ளத்தையும் எங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். கேட்டபோது வராத தண்ணீர் கேட்காதபோது வாசலுக்கே வரும். அதையாவது மேலூர்க்காரன் செய்கிற அநியாயம் என்று திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது எங்கள் ஊர்க்காரர்களே எங்களுக்குச் செய்தது.

குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் ஓர் ஓடை வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். ஓடை கடலில் சேருகிற இடத்தில் காற்றும் அலையும் சேர்ந்து வருடா வருடம் மணலைக் கொண்டுவந்து போட்டு ஒரு மேட்டை எழுப்பிவிடும். கோடையில் அந்த மேடு எங்களுக்குக் காவல், உப்புத்தண்ணீர் உள்ளே ஏறாமல் தடுக்கும். மழைக்காலத்தில் அதுவே எமன். வெளியே போக வழியில்லாமல் ஓடைத்தண்ணீர் திரும்பி வந்து வயல்களில் ஏறிவிடும். அதனால் மறுகால் பாய்ந்த உடனே மேட்டை வெட்டிவிட வேண்டும். அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. கடல் உள்வாங்கி வற்றமாக இருக்கிற நேரம் பார்த்து, குறுக்கே ஒரு சின்ன வாய்க்கால் கீறிவிட்டால் மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும்.

வித்தை இல்லாத வேலைக்குத்தான் எங்கள் ஊரில் முறை அதிகம். ஊர்ப் பெரியவர் மேளதாளத்தோடு மேட்டுக்குப் போவார். தலையில் பரிவட்டம் கட்டி, தேங்காய் உடைத்து, முதல் மண்வெட்டியை அவர்தான் போடுவார். அதற்குப் பிறகு மேட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற கடற்கரைக்காரர்கள் இறங்கி வெட்டி முடிப்பார்கள். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர்கள். மார்கழிக் கடல் கலங்கிக் கிடக்கும்போது குளி இருக்காது, ஆண்கள் கரையில்தான் இருப்பார்கள். வெட்டியதற்குக் கூலியாக, அறுப்பின்போது ஒவ்வொரு களத்திலும் அவர்களுக்கு ஒரு மரக்கால் நெல் அளப்போம்.

அவர்கள் தாங்களாகவே வெட்டலாமே என்று கேட்கலாம். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு ஒரு கோடையில், வள்ளத்தை உள்ளே கொண்டுவந்து கட்டலாம் என்று அவர்களில் சிலர் மேட்டை வெட்டிவிட்டார்கள். உப்பு ஏறி எங்கள் கிணறெல்லாம் கரித்தது. அடிதடி ஆகிப்போனது. கடைசியில் அவர்கள் சிலுவை நட்ட தங்கள் குருசடியில் நின்று, ஊரார் மண்வெட்டி விழாமல் மேட்டைத் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்துகொடுத்தார்கள். செய்த சத்தியத்தை அவர்கள் ஒருநாளும் மீறியதில்லை.

அந்த வருடம் ஆவணியில் எங்கள் ஊர்ப் பெரியவர் செத்துப்போனார். அவருக்குப் பிள்ளை கிடையாது. ஊரில் பெரிய குடும்பம் இரண்டு, மேலவீடும் கீழவீடும். முதல் வெட்டு இனிமேல் எங்களுக்குத்தான் என்று இரண்டு வீட்டாரும் கிளம்பினார்கள். மேலவீட்டில் மூத்தவர் என் சித்தப்பா, நான் பிறந்தது அந்த வீட்டில். கீழவீட்டில் மூத்தவர் என் வீட்டுக்காரரின் பெரியப்பா, எனக்கு மாமா முறை. ஆக, சண்டை போடுகிற இரண்டு பேருமே எனக்கு வேண்டியவர்கள். வேண்டியவர்கள் என்று எழுதும்போதே பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

ஐப்பசியும் கார்த்திகையும் வானம் ஏமாற்றியது. கால்வாயில் வந்ததை இறைத்து ஊற்றித்தான் பிசான நெற்பயிரைக் காப்பாற்றினோம். மார்கழியில், கதிர் வெளியே எட்டிப் பார்க்கிற சமயத்தில், மொத்த மழையும் ஒன்றாகக் கொட்டியது. குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. ஊரே சாவடியில் கூடியது. மண்வெட்டியோடு கூடவில்லை, வாயோடு கூடியது.

மேலவீட்டார், செத்துப்போன பெரியவர் தங்களுக்குப் பங்காளி என்றார்கள். கீழவீட்டார், பெரியவருக்குக் கொள்ளி வைத்தவன் தங்கள் வீட்டுப் பையன் என்றார்கள். ஒருவர் தாத்தா காலத்துக் கதையை எடுத்தார். இன்னொருவர் அந்தத் தாத்தாவின் நடத்தையையே எடுத்தார். மேளக்காரர்கள் சாவடி ஓரத்தில் மேளத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேங்காய்கூட இரண்டு தட்டில் தனித்தனியாகத் தயாராக இருந்தது. அன்று பொழுது போனது. மறுநாள் வெளியூரிலிருந்து மத்தியஸ்தர் ஒருவரை வண்டி வைத்துக் கூட்டிவந்தார்கள். அவர் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடுவில் ஓர் அதிகாரி குடை பிடித்துக்கொண்டு வந்தார். குளம் ஓர் இலாகா, ஓடை இன்னோர் இலாகா, கடற்கரை மூன்றாவது இலாகா, தான் குளத்தை மட்டும்தான் பார்க்க முடியும் என்றார். குளத்தைப் பார்த்தார். நிறைந்திருக்கிறது என்றார். அதைச் சொல்ல ஒரு சம்பளம்.

அதற்குள் என் வயலில் தண்ணீர் பயிரின் கழுத்துக்கு வந்துவிட்டது. சித்தப்பா வீட்டுக்குப் போனேன். நாளைக்கு முழுகிவிடும், இந்த ஒரு வருடம் விட்டுக்கொடுங்கள் என்று கேட்டேன். மரியாதையை விட்டுவிட்டு மனுசன் எதற்கு இருக்க வேண்டும் என்றார். அங்கிருந்து மாமா வீட்டுக்குப் போனேன். அவரும் அதையேதான் சொன்னார், வார்த்தை மாறாமல். இரண்டு பேருக்கும் வயல் மேட்டில். அவர்கள் வரப்பில் தண்ணீர் அப்போதுதான் கால் வைத்திருந்தது. பள்ளத்தில் வயல் வைத்திருந்தால் மரியாதை எவ்வளவு ஆழத்தில் மூச்சு முட்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலையில் எங்களுக்கு வழக்கமாக மீன் கொண்டுவருகிற அக்கா முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தாள். அவள் புருஷனும் சங்கு குளிக்கிறவர்தான். கடலில் யாரும் இறங்கவில்லை, மீன் இல்லை என்று சொல்லத்தான் வந்திருந்தாள். நான் மீனைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் ஆட்களெல்லாம் என்ன செய்கிறார்கள் என்று கோபமாகக் கேட்டேன். ஆண்கள் நேற்றிலிருந்து மண்வெட்டியை வைத்துக்கொண்டு குருசடியில் காத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். என் வயல் இருந்த பக்கம் பார்த்தாள். கதிர் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"உங்க ஊரு மண்வெட்டி ஒண்ணு விழுந்தா போதும்மா" என்றாள். "அது ஆம்பள கையில இருக்கணும்னு நாங்க சத்தியம் பண்ணல."

இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மாட்டுத் தொழுவத்தில் சார்த்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவளோடு நடந்தேன். சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொள்ளி வைத்த கதை அப்போதும் முடிந்திருக்கவில்லை.

மேட்டில் ஏறி நின்றேன். ஒரு பக்கம் ஊர்த்தண்ணீர் பழுப்பாக விளிம்பு தட்டி நின்றது. மறுபக்கம் கடல் வற்றிப்போய்த் தூரத்தில் கிடந்தது. பரிவட்டம் இல்லை, மேளம் இல்லை, தேங்காய் இல்லை. ஓங்கிப் போட்டேன். ஈரமணல் ஒரு கட்டியாகப் பெயர்ந்து வந்தது. அக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் குருசடிப் பக்கம் கையைக் காட்டினாள். அவள் புருஷன் முதலில் இறங்கினார், பின்னாலேயே மற்றவர்கள். பெண்கள் ஓலைப்பெட்டியில் மணலை அள்ளிக் கொட்டினார்கள். முதலில் ஒரு கையகலம் தண்ணீர் கசிந்து போனது. பிறகு அதுவே இரண்டு பக்கமும் கரையைத் தின்றுகொண்டு அகலமானது. மத்தியானத்துக்குள் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம் ஆகிவிட்டது.

சாயங்காலம் மேலவீட்டு வயலும் கீழவீட்டு வயலும் பச்சையாக வெளியே வந்தன. அதற்கு அடுத்தவர்களுடையதும் வந்தது. என் வயல்தான் கடைசியாக வெளியே தெரிந்தது. கதிரெல்லாம் சேறு பூசி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தது. நான்கு நாள் கழித்து ஒரு கதிரை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். பால் இல்லை, எல்லாம் பதர். வரப்பில் உட்கார்ந்து அழுதேன். ஒரே ஒரு நாள் முன்னால் வெட்டியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். அந்த ஒரு நாளைச் சாவடியில் உட்கார்ந்து தின்றவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஊர் எனக்கு நன்றி சொல்லும் என்று எதிர்பார்த்தேன் என்றால் நான்தான் பைத்தியக்காரி. பெண்பிள்ளை மண்வெட்டி போட்டது குற்றம் என்று கூடிப் பேசினார்கள். கட்டிக்கொடுத்த பிறகு அவள் கீழவீட்டு ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார் சித்தப்பா. பிறந்த வீட்டுப் புத்தி எங்கே போகும், அவள் மேலவீட்டு ரத்தம் என்றார் மாமா. ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கும் வேண்டாதவளானேன். அறுப்பு வந்தது. முறைப்படி வெட்டவில்லை, அதனால் கடற்கரைக்காரர்களுக்கு நெல் அளக்க வேண்டியதில்லை என்று பெரிய வீட்டார் இரண்டு பேரும் ஒற்றுமையாகச் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்கள் ஒற்றுமையாக இருந்து நான் பார்த்தேன். களத்தில் தூற்றிக்கொண்டிருந்த பெண்கள் சிலர் யாருக்கும் தெரியாமல் நெல்லை மடியில் கட்டி அவர்களுக்குக் கொடுத்தனுப்பினார்கள். என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அந்த வருடம் நானும் பிள்ளைகளும் ரேஷன் சோளத்தில் கூழ் காய்ச்சிக் குடித்தோம்.

அடுத்த வருடம் மழை சீக்கிரமே பிடித்தது. மறுகால் பாய்ந்த அன்று காலையிலேயே சாவடியிலிருந்து எனக்கு ஆள் வந்தது. பெண்கள் ஏறாத சாவடி. எனக்கு எதற்கு அழைப்பு என்று புரியவில்லை. ஆனாலும் போகும்போது தொழுவத்தில் இருந்த மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

போனதும் புரிந்தது. போன வருடம் முதல் வெட்டு யார் போட்டார்களோ, அந்த வீட்டுக்குத்தான் இனி உரிமை என்று, நடுவில் இன்னொரு தடவை வந்த அதே மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். போன வருடம் போட்டது நான். ஆகவே நான் யார் வீட்டு ஆள் என்பதுதான் இப்போது வழக்கு. என்னைப் பார்த்ததும் சித்தப்பா எழுந்தேவிட்டார். ஒரு வருடமாக என் வாசல் மிதிக்காதவர்.

"ஏளா, நீ எங்க வீட்டுப் பிள்ள. பொறந்த வீட்டுக்காகத்தான் வெட்டுனேன்னு சபையில சொல்லிரு" என்றார்.

மாமா குறுக்கே வந்தார். தாலி கட்டியது தன் வீட்டுப் பையன், கை அவளுடையதாக இருந்தாலும் வெட்டு தங்களுடையது என்றார். இரண்டு பக்கத்திலும் தலையாட்ட ஆள் இருந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"என் வயலுக்காக வெட்டுனேன் சித்தப்பா" என்றேன். "அதுல ஒரு மணி நெல்லு எனக்கு வீடு வந்து சேரல. அறுத்துச் சாப்பிட்டது நீங்க ரெண்டு வீட்டுக்காரங்களும்தான்."

பிறகு யாரோ ஒருவர், அப்படியென்றால் அது எந்த வீட்டுக் கணக்கிலும் சேராது, அந்த வெட்டே செல்லாது, முதலில் இருந்துதான் பேச வேண்டும் என்றார். சரிதான் என்று நாலைந்து பேர் ஆமோதித்தார்கள். மத்தியஸ்தருக்கு மறுபடியும் வண்டி அனுப்பலாமா என்று மாமா கேட்டார். நான் படியிறங்கினேன்.

ஓடைக்கரை வழியாக நடந்தேன். என் வயலில் அப்போதுதான் நட்டு வேர்பிடித்த பயிர், கணுக்கால் தண்ணீரில் நின்றது. குருசடிப் பக்கத்தில் மீன்கார அக்கா தன் புருஷனோடும் மண்வெட்டியோடும் நின்றுகொண்டிருந்தாள். போன வருடக் கூலி நெல் வராத ஆட்கள் அவர்கள். என்னைப் பார்த்ததும், இந்த வருடம் யார் வெட்டு என்று முடிவாகிவிட்டதா என்று கேட்டாள்.

"அது கெடக்கட்டும்க்கா. கடலு வத்தமா, அதச் சொல்லு" என்றேன்.

வற்றம்தான் என்றாள். மண்வெட்டியைப் போட்டேன்.

வேலை முடிந்து, சேலை நனைந்து, நான் திரும்பி வரும்போது ஓடை கடலுக்குப் போகிற சத்தம் ஊர்வரைக்கும் கேட்டது. சாவடியில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.