ஹனீபா தப்பாய் அடித்த பெரிய டிரம்

தையல்காரர் ஹனீபாவைப் பற்றி மலாக்காவில் யாரைக் கேட்டாலும், "நல்ல மனுஷன், அதிகம் பேசமாட்டார்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அவ்வளவுதானா? நல்லையாவைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள்.

மலாக்காவின் காஜா பெராங் வட்டாரத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. நல்லையா முனிசிபல் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைக்காரன் காலத்தில் இருவரும் வாலண்டியர் பட்டாளத்து பேண்டில் பதினோரு வருஷம் வாசித்தவர்கள். நல்லையாவுக்குக் கிளாரினெட். ஹனீபாவுக்கு மார்பில் தொங்கும் பெரிய டிரம். பேண்டு நடந்தால் முப்பது பேரின் இடது காலும் அந்த டிரம் அடியில்தான் தரையைத் தொட வேண்டும். பதினோரு வருஷத்தில் ஹனீபா ஓர் அடி பிசகியதில்லை. மழையில் நனைந்தும், காய்ச்சலில் கொதித்தும், ஒரு முறை அணிவகுப்பின் நடுவே கழுத்தில் குளவி கொட்டியும்கூட! இவன் மனுஷன்தானா என்று நல்லையாவுக்கே சந்தேகம் வந்ததுண்டு.

ஜப்பான்காரன் வந்ததும் வாலண்டியர்களைத் தேட ஆரம்பித்தான். பிடிபட்டு லாரியில் ஏறியவர் ஒருவரும் வீடு திரும்பவில்லை. பேண்டுக்காரர்கள் யூனிஃபார்மை எரித்தார்கள், வாத்தியங்களைக் கிணற்றில் போட்டார்கள், தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எல்லாம் சரி, பதினோரு வருஷம் பழகிய காலை எந்தக் கிணற்றில் போடுவது?

நாற்பத்திரண்டு மார்ச்சில் ஒரு நாள் காலை, அந்த வட்டாரத்து ஆண்களை எல்லாம் திடலில் கூட்டினார்கள். கூட்டத்தில் ஹனீபாவையும் நல்லையாவையும் சேர்த்துப் பேண்டுக்காரர்கள் ஆறு பேர். ஜப்பானிய அதிகாரி எங்கிருந்தோ பிடித்த ஒரு பெரிய டிரம்மை நடுவில் வைக்கச் சொன்னான். கூட வந்த துபாஷி கத்தினான்: "டிரம் அடிக்கும்போது எல்லாரும் திடலைச் சுத்தி நடக்கணும்! பட்டாளத்துக் கால் எதுன்னு அதிகாரி துவானுக்குப் பார்த்தாலே தெரிஞ்சிடும்!"

நல்லையா தன் இடது காலைக் குனிந்து பார்த்தார். பாவி, எப்படி யோசித்திருக்கிறான் பாருங்கள்! டிரம் அடி விழுந்தால் இடது கால் தானாகப் போகும். தடுக்க முடியாது.

"யாருக்காவது அடிக்கத் தெரியுமா?" என்றான் துபாஷி.

"நான் அடிப்பேன், துவான். கந்தூரியிலே அடிச்சிருக்கேன்."

கையைத் தூக்கியது ஹனீபா! அடப்பாவி, உனக்குப் பைத்தியமா என்று நல்லையா மனசுக்குள் கத்தினார்.

முதல் அடி விழுந்தது. நல்லையாவின் இடது கால் துள்ளிப் போனது. அடுத்த அடிக்குக் கால் இறங்கியபோது அடி இல்லை. தடுமாறி முன்னால் போனவர் முதுகில் மோதினார். கால் மாற்றி வைத்தார், அப்போதும் அடி இல்லை. காலைத் தூக்கினால் அடி விழுந்தது. பேண்டுக்காரர்கள் கலியாணசுந்தரமும் பொன்னுதுரையும் சந்தைக் கூட்டத்தில் மாட்டியவர்கள் மாதிரி தள்ளாடினார்கள். யார் சிப்பாய், யார் மீன்காரன் என்று ஒரு பயலுக்கும் தெரியவில்லை.

"ஒழுங்கா அடி!" என்று துபாஷி கத்த, அதிகாரி ஹனீபாவின் கன்னத்தில் அறைந்தான். ஹனீபா இன்னும் மோசமாக அடித்தார். கடைசியில் ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் வலது மணிக்கட்டில் ஓங்கிப் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் நல்லையா வரைக்கும் கேட்டது. அதிகாரி காறித் துப்பிவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு விரட்டினான்.

மணிக்கட்டு கோணலாகவே கூடியது. கத்தரி பிடிக்க முடியாத தையல்காரர் என்ன செய்வார்? சாயங்காலம் நல்லையா வந்து துணி வெட்டிக் கொடுப்பார், ஹனீபா இடது கையால் தைப்பார். "பாவம், பயத்துல இவனுக்குக் கை நடுங்கிப்போச்சு, அதான் அடி தப்பி உதை வாங்கினான்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நல்லையா சொல்வார். ஹனீபா தலையைக் குனிந்துகொள்வார்.

ஆறு மாதம் கழித்து, கடையில் யாரும் இல்லாத நேரத்தில், நல்லையாவுக்குத் தாங்கவில்லை. "அவ்வளவு பயந்தவன் எதுக்குடா கையைத் தூக்குனே?"

"வேற எவனாவது அடிச்சிருந்தா ஒழுங்கா அடிச்சிருப்பானே."

நல்லையாவின் கையில் கத்தரி நின்றது. "அப்போ வேணும்னேதான் கண்டபடி அடிச்சியா?"

"கண்டபடி அடிச்சா ரெண்டு சுத்துல அதுலயும் ஒரு ஒழுங்கு வந்துரும்டா. உங்க கால் அதைப் புடிச்சிக்கும். உன் இடது காலைப் பார்த்துத்தான் அடிச்சேன். அது தரைக்கு வரும்போதெல்லாம் அடிக்கலை."

"நாங்க அஞ்சு பேரு. எல்லார் காலையும் எப்படிப் பார்த்தே?"

"ஒருத்தனைப் பார்த்தா போதாதா? அஞ்சு பேரும் ஒண்ணாத்தானே வைப்பீங்க."

நல்லையாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சாவு பக்கத்தில் நிற்க, கன்னத்தில் அறை விழ, ஒவ்வோர் அடியையும் அளந்து தப்பாக அடித்திருக்கிறான் மனுஷன்! அந்தக் கோணல் மணிக்கட்டை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார் நல்லையா.

"உன்னைப் பயந்தாங்கொள்ளின்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனேடா..."

"தெரியும். ஜப்பான்காரன் இங்க இருக்கிற வரைக்கும் அதையே சொல்லு. வேணும்னே தப்பா அடிச்சேன்னு தெரிஞ்சா யாருக்காகன்னு தேடுவான். பயந்தவன்னு நினைச்சா உங்க பக்கம் எவனும் திரும்ப மாட்டான்."

நல்லையா சொன்னார். இன்னும் மூன்று வருஷம், உள்ளுக்குள் அழுதுகொண்டே, கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார்.