அண்ணனுக்கு நான் எடுத்துக் கொடுத்த அம்புகள்

அண்ணன் ஆறு வருடம் சவுதியில் இருந்துவிட்டு வந்து, திருச்சுழிப் பக்கம் எங்கள் நிலத்தில் மக்காச்சோளம் போட்டான். கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கிப் பாதிச் சோளக்காட்டைச் சாய்த்துவிட்டுப் போயின. வனத்துறைக்கு மனு மேல் மனு கொடுத்தான். ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் என்னிடம் அம்பு கேட்டான். நான் அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கல்லூரி நாட்களில் வில்வித்தைப் போட்டிகளுக்குப் போனவள். குறிபார்க்கும் கருவி எதுவும் இல்லாத பழைய மாதிரி மரவில் ஒன்று வாங்கியிருப்பதாகவும், வைக்கோல் கட்டைக் குறிவைத்து எய்து பழகப் போவதாகவும் சொன்னான். நம்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

விளையாட்டுச் சாமான் கடைக்கு அவனும் என்னோடு வந்தான். கார்பன் இழையில் செய்த அம்புத் தண்டுகள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். மரவில்லில் அம்பு வில்லைச் சுற்றி வளைந்து வெளியேற வேண்டும். தண்டு விறைப்பாக இருந்தால் மரத்தில் இடித்துப் பக்கவாட்டில் ஓடிவிடும். அதனால் வளைந்து கொடுக்கிற, எடை குறைந்த தண்டுகளாக ஆறு எடுத்தேன். ஒவ்வொன்றையும் காதோரம் பிடித்து லேசாக வளைத்து, விரிசல் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். கனமானது வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டான். வைக்கோலுக்கு எதற்குக் கனம் என்றேன். ஆறையும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனான்.

பதினைந்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணி உடனே வரச் சொன்னான். போனேன். கண்மாய்க்கரை ஓரம் கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு பெண் பன்றி கிடந்தது. உயிர் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் எய்தானாம். பட்டறையில் தகடு வெட்டி அம்பு முனையில் மாட்டியிருக்கிறான். அது தோள் எலும்பில் முட்டி நின்றுவிட்டது. தண்டு முறிந்து, கறுப்புச் சிலாம்புகள் சதைக்குள் ஏறியிருந்தன. மூச்சு விடும்போதெல்லாம் மிச்சத் தண்டு ஏறி இறங்கியது.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அவன் தலை குனியவில்லை.

“நீ கனமானதா எடுத்துத் தந்திருந்தா ஒரே அடியில முடிஞ்சிருக்கும். இப்படிக் கெடந்து இழுத்துக்கிட்டிருக்காது.”

அவன் சொன்னது உண்மை. வில் பிடித்த எனக்கு அது தெரியும். அதனாலேயே உடம்பெல்லாம் எரிந்தது. போனை எடுத்தேன்.

“போன உள்ள வையி. கூடப்பொறந்தவன ஜெயிலுக்கு அனுப்பப் போறியா?”

“கூடப்பொறந்தவகிட்ட பொய் சொல்லித்தான அம்பு வாங்குன.”

மாட்டு டாக்டருக்கும் வனத்துறைக்கும் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் ஜீப் வந்துவிட்டது. அதற்குள் பன்றி செத்துப்போயிருந்தது. சோளம் அழிந்தபோது தெரியாத வழி இன்றைக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று வந்தவர்களிடம் கேட்டேன். அம்பைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் இப்போது வழக்குக்காக அலைகிறான். அம்மா என்னிடம் பேசுவதில்லை. போன மாதம் பந்தல்குடியில் ஒரு கல்யாண வீட்டில் அவன் எதிரே வந்து நின்று, சாப்பிட்டாயா என்று கேட்டான். அவனைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.